'பீஸ் ஆஃப் கேக்' சொல்லும் முறை

ஒரு வேலை சுலபம் என்று ஆங்கிலத்தில் சொல்ல 'இட்ஸ் ஈஸி' போதும். அதைத் தாண்டிப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, எது சுலபம் என்பதை. வேலை சுலபமென்றால் 'பீஸ் ஆஃப் கேக்'. யோசிக்கவே தேவையில்லாத முடிவென்றால் 'நோ பிரெய்னர்'. எதிர்ப்பே இல்லாத வெற்றியென்றால் 'கேக்வாக்'. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள், கேக்கைப் பரிசாக வைத்து ஆடிய நடனத்தின் பெயர் அது. தெரிந்து சொல்வது நல்லது.

சொற்றொடரைக் கலைக்கக் கூடாது. 'இட்ஸ் எ பீஸ் ஆஃப் கேக்' என்பது பத்து வேலைக்கும் அப்படியேதான். 'கேக்ஸ்' ஆகாது, முன்னால் 'வெரி' சேராது. 'எனக்கு ஈஸி' என்பதை 'ஐ ஆம் ஈஸி' ஆக்குவது பிழை. 'இட்ஸ் ஈஸி ஃபார் மீ' என்பதே சரி.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த படியில். சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கம் பட்டுத்தறி பார்க்க வரும் வெளியூர் வியாபாரி, வேலை கஷ்டமா என்று ஆங்கிலத்தில் விசாரிக்கிறார். தறிக்காரர் மனசில் இருப்பது 'கைவந்த கலை'. வாயில் வருவது 'பீஸ் ஆஃப் கேக்'. இரண்டும் ஒன்றல்ல. கைவந்த கலை என்றால் செய்கிறவர் தேர்ந்தவர். பீஸ் ஆஃப் கேக் என்றால் வேலையே லேசு, யாரும் செய்துவிடலாம். பாவு பிணைப்பதை அருகில் நின்று பார்த்தால் இந்த வித்தியாசம் விளங்கும். தீர்ந்துபோன பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரல்நுனியில் முறுக்கி, ஆயிரக்கணக்கான இழைகளையும் வரிசை மாறாமல் இணைக்க வேண்டும். அதைப் போய் பீஸ் ஆஃப் கேக் என்றுவிட்டால், விலை பேசும்போது அந்தச் சொல்லே குறுக்கே நிற்கும். அங்கே சொல்ல வேண்டியது 'இட்ஸ் செகண்ட் நேச்சர் டு மீ'. வேலையைக் குறைக்காமல், கைப்பழக்கத்தை மட்டும் சொல்லும் தொடர் இது. நாக்கு புரளாவிட்டால் 'இட்ஸ் ஹார்ட், பட் ஐ நோ இட் வெல்' என்றாலே போதும்.

கடிதத்திலும் மின்னஞ்சலிலும் கேக் வேண்டாம். 'சிம்பிள்' என்றோ 'ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்ட்' என்றோ எழுதலாம். சேலையை மடித்துப் பார்சல் கட்டித் தரச் சொல்லும் வாடிக்கையாளரிடம், தயங்காமல் பீஸ் ஆஃப் கேக் சொல்லலாம். உதவுகிறவர் தன் சிரமத்தைப் பெரிதுபடுத்தாத பண்பு அதில் இருக்கிறது. வாங்க வந்தவர் தறியைக் காட்டி நெய்கிறவரிடமே அதைச் சொல்வது மரியாதையில்லை.