அம்பு செய்ய மூங்கில் வெட்டும் முன்

ஏற்காட்டுக்கு லீவில் வந்த பிள்ளைகள் வில்லும் அம்பும் கேட்டு நின்றால், அன்று சாயங்காலமே செய்து தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். வில்லைக்கூட எப்படியாவது வளைத்துவிடலாம், அம்புக்கு ஒன்றரை மாதமாவது வேண்டும்.

1. உள்ளே பொந்து குறைந்த கல் மூங்கில்தான் தோது. சுண்டுவிரல் பருமன், மூன்று வருஷ முற்றல். மலைப்பாதை ஓரத்துக் காட்டு மூங்கிலில் கை வைக்க வேண்டாம், அது வனத்துறையுடையது. சொந்தத் தோட்டத்து மூங்கில் 2017-லிருந்து வனச்சட்டப்படி மரக் கணக்கில் வராது.

2. தை, மாசியில் தேய்பிறை பார்த்து வெட்டச் சொல்வார்கள். பிறை எப்படியோ, மாதம் முக்கியம். மழைக்காலத்து மூங்கிலில் மாவுச்சத்து ஏறியிருக்கும், வண்டு அதைத் தேடித்தான் வரும். வெட்டியதைப் பத்துப் பதினைந்து நாள் ஓடுதண்ணீரில் ஊறப் போட்டால் உளுக்காது.

3. கட்டாகக் கட்டி நிழலில் ஒரு மாதம் உலர்த்துங்கள். நம் மலைப் பனிமூட்டத்தில் நிழல் மட்டும் போதாது. விறகடுப்புக்கு மேலே பரண் இருந்தால் அங்கே செருகுங்கள்.

4. நிமிர்த்துவதுதான் பாதி வேலை. சிலம்பக் கம்பை வாட்டுவது போலத்தான். ஜப்பானிலும் மூங்கில் அம்பை இப்படியே வாட்டி நிமிர்த்துகிறார்கள். விளக்கெண்ணெய் தடவி, தணலுக்கு ஒரு சாண் மேலே உருட்டிக்கொண்டே இருங்கள். தோல் பளபளத்து லேசாகக் குழையும்போது எடுத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் அழுத்தி, ஆறும்வரை பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக் கம்பின் நீளத்துக்குப் பாருங்கள். கணுவில்தான் கோணல் ஒளிந்திருக்கும். தோல் கறுத்தால் அந்தக் கம்பு தக்காளிச் செடிக்கு.

5. கணுவின் மேட்டைத் தேய்க்க உப்புத்தாள் எதற்கு? பராய் இலை போதும்.

6. நாண் உட்காரும் வெட்டைக் கணுவை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் போடுங்கள். கம்பு பிளந்தாலும் கணுவில் நின்றுவிடும்.

7. இறகு மூன்று, எல்லாம் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து. இடமும் வலமும் கலந்தால் அம்பு தள்ளாடும். சேவல் இறகு நன்று, வான்கோழி அதைவிட நன்று. மயில்தோகை வெறும் அழகு, காற்றில் குழைந்துவிடும்.

8. புளியங்கொட்டைப் பசை நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரத்தில் இளகும். அதனால் மேலே கற்றாழை நாரை இறுக்கிச் சுற்றித் தேன்மெழுகு தேயுங்கள்.

9. முனைக்கு இரும்பு வேண்டாம், துணிப்பந்து கட்டினால் போதும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயலும் காட்டுப்பன்றியும் நம் இலக்கு அல்ல, வைக்கோல் கட்டுதான்.

10. ஒவ்வொரு முறை எய்யும் முன்னும் அம்பை இரு கையாலும் லேசாக வளைத்துக் காதருகே வையுங்கள். மெல்லிய ‘டிக்’ சத்தம் கேட்டால் உள்ளே கீறல். நாணை விடும்போது அது உடைந்தால் சிம்பு ஏறுவது வில் பிடித்த கையில்தான். அதை அப்போதே முறித்து அடுப்பில் போடுங்கள், பிள்ளை அழுதாலும்.