கடல் எங்கே போனது? லுமுட் புறப்படும் முன் ஓதத்தைப் படிப்போம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஈப்போ வீடுகளில் பாய்கள் கூடுதலாக விரிக்கப்படும். ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்து, தோட்டம் துண்டாடப்பட்ட பின் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்து போன பழைய நண்பர்கள் குடும்பத்தோடு வருவார்கள். இரவெல்லாம் பேசி முடித்த பிறகு, "நாளைக்குப் பிள்ளைகளைக் கடலுக்கு அழைச்சிட்டுப் போவோமா?" என்று யாராவது கேட்பார். மறுநாள் காலை இரண்டு மூன்று கார்கள் லுமுட் பக்கம் கிளம்பிவிடும்.

சோறு, கோழி வறுவல், தண்ணீர் போத்தல், மாற்றுத் துணி என எல்லாவற்றையும் நினைவாக எடுத்து வைக்கிறோம். ஆனால் 'கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும்?' என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மாணவர்களே, இந்த வாரம் அந்தக் கேள்விக்கு விடை காணும் முறையைப் படிப்போம். உங்களில் பலருடைய பெற்றோர் உள்நாட்டுத் தோட்டங்களில் பிறந்தவர்கள். நீச்சலை ஆற்றிலோ ஈயக்குட்டையிலோ கற்றவர்கள். குட்டைத் தண்ணீர் காலையில் இருந்த மட்டத்திலேயே மாலையிலும் இருக்கும். கடல் அப்படி இருக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் போனால் அதன் விலை சில வேளைகளில் ஓர் உயிர்.

ஓதம் என்றால் என்ன?

கடல்மட்டம் ஒழுங்கான கால இடைவெளியில் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். மலாயில் இதுவே பாசாங் சூருட். நீர் மிக உயர்ந்து நிற்கும் நிலையை ஏற்றம் என்றும், மிகத் தாழ்ந்து நிற்கும் நிலையை வற்றம் என்றும் இந்தக் கட்டுரையில் அழைப்போம். அலை வேறு, ஓதம் வேறு. அலையைக் காற்று எழுப்புகிறது. அது சில விநாடிகளில் வந்து போகும். ஓதத்தை நிலவும் சூரியனும் உண்டாக்குகின்றன. ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும்.

மலாக்கா நீரிணையில் ஒரு நாளில் பொதுவாக இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் வரும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நீரிணையின் வடிவமும் ஆழமும் இடத்துக்கு இடம் மாறுவதால் ஏறி இறங்கும் அளவும் மாறும். கிள்ளான் துறைமுகத்தில் பெரிய ஓத நாள்களில் அது 4 மீட்டரைத் தாண்டும். நம் பேராக் கரையில் அதைவிடக் குறைவு. ஏறத்தாழ 2 மீட்டர் அளவில் இருக்கும். 2 மீட்டர் என்பது ஒரு வளர்ந்த ஆளின் உயரத்தைவிடக் கூடுதல் என்பதை மனத்தில் வையுங்கள்.

நிலவு எப்படி நீரை இழுக்கிறது?

நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் தந்தார். அவருடைய ஈர்ப்பு விதியை நான்காம் படிவ இயற்பியலில் படிப்பீர்கள். தொலைவு கூடக் கூட ஈர்ப்பு குறையும் என்பது அதன் சாரம்.

பூமியில் நிலவை நோக்கியிருக்கும் பக்கத்து நீர் நிலவுக்கு அருகில் இருக்கிறது. அதனால் பூமியின் மையத்தைவிட அது சற்றுக் கூடுதலாக இழுக்கப்படுகிறது. எதிர்ப்பக்கத்து நீர் நிலவுக்கு மிகத் தொலைவில் இருக்கிறது. அது பூமியின் மையத்தைவிடக் குறைவாக இழுக்கப்பட்டுப் பின்தங்குகிறது. ஆகவே இரண்டு பக்கமும் நீர் சற்றுப் புடைக்கிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும்போது நாம் இரண்டு புடைப்புகளையும் கடக்கிறோம். ஒரு நாளில் இரண்டு ஏற்றம் வருவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

அப்படியானால் ஏன் சரியாக 12 மணி நேரம் இல்லை? நாம் சுற்றும் வேளையில் நிலவும் தன் பாதையில் முன்னேறிவிடுகிறது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.5 நாள். ஒரு நாளின் 1,440 நிமிடங்களை 29.5ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 49 வரும். அதனால்தான் ஓத நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. நேற்று பகல் 1 மணிக்கு ஏற்றம் என்றால் இன்று 1.50க்கு.

சூரியனின் பங்கு

சூரியன் நிலவைவிட ஏறத்தாழ 27 மில்லியன் மடங்கு நிறை கொண்டது. பிறகு ஏன் நிலவே முதன்மை? ஓதத்தை உண்டாக்குவது ஈர்ப்பின் வேறுபாடு. அந்த வேறுபாடு தொலைவின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. சூரியன் நிலவைவிடச் சுமார் 390 மடங்கு தொலைவில் உள்ளது. 390ஐ மூன்று முறை பெருக்கினால் 59 மில்லியன். 27ஐ 59ஆல் வகுத்தால் 0.46. அதாவது, சூரியனின் ஓத விசை நிலவின் விசையில் பாதிக்கும் சற்றுக் குறைவு.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கும். இரண்டு விசைகளும் சேர்ந்துகொள்ளும். அப்போது ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். இது பெரு ஓதம். அந்த நாளிலோ அதை அடுத்த ஓரிரு நாளிலோ அது உச்சத்தை எட்டும். அரை நிலவு தெரியும் நாள்களில் சூரியனும் நிலவும் செங்கோணத்தில் இழுப்பதால் ஒன்றின் வேலையை மற்றொன்று குறைக்கும். அது சிறு ஓதம்.

உங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி என்று போட்டிருந்தால் பெரு ஓதம். அஷ்டமி என்று போட்டிருந்தால், சிறு ஓதத்தை ஒட்டிய நாள். கடலின் குணத்தை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லும் தாள் அது.

நாம் கடலுக்குப் போகும் நாள்கள்

நம்மவர்கள் கூட்டமாகக் கடலுக்குப் போகும் நாள்கள் எவை? மாசி மகத்தன்று பங்கோர் தீவின் பத்திரகாளியம்மன் ஆலயத்துக்குப் படகு படகாகப் போகிறோம். ஆடி அமாவாசையன்று முன்னோருக்காகக் கடற்கரையில் சடங்கு செய்கிறோம். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. மற்றது பெயரிலேயே அமாவாசை. ஆக இரண்டும் பெரு ஓத நாள்கள்! மாசி மகத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக வரும் காலத்தை ஒட்டிய பெரு ஓதங்கள் பொதுவாக மற்ற மாதங்களைவிடப் பெரியவை. மாசி மகம் அந்தக் காலத்தை நெருங்கியே வருகிறது.

நிலவின் தொலைவும் மாறும். பூமிக்கு அருகில் வரும்போது சுமார் 363,000 கிலோமீட்டர், விலகும்போது சுமார் 405,000 கிலோமீட்டர். மூன்றாம் அடுக்கு என்பதால், அருகில் இருக்கும்போது ஓத விசை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல். பெரு ஓதமும் நிலவின் நெருக்கமும் ஒன்றாக வரும் நாள்களில்தான் 'ஆயிர் பாசாங் பெசார்' என்ற எச்சரிக்கையைக் கேட்கிறோம்.

பன்னிரண்டில் ஒரு பங்கு

சென்ற விடுமுறையில் என் வீட்டுக்கு வந்த நண்பர்களோடு தெலுக் பாத்திக் போயிருந்தோம். உண்டு முடித்து எழுந்தபோது நண்பரின் மகள் கேட்டாள்: "மாமா, காலையில இங்க இருந்த கடல் எங்க போச்சு?" அன்று நீர் இறங்கிக்கொண்டிருந்தது, பாய் விரித்த இடத்திலிருந்து தண்ணீர் வெகு தூரம் போயிருந்தது. அதே நேரத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அங்கேயே மணலில் குச்சியால் எழுதிக் காட்டினேன். நீங்களும் பாருங்கள்.

கடல் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1 பங்கு ஏறும். மாலுமிகள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு இது.

ஒரு நாளில் நீர் 2.4 மீட்டர் ஏறும் என்றும், காலை 9 மணிக்கு வற்றம் என்றும் கொள்வோம். ஒரு பங்கு 20 சென்டிமீட்டர்.

9 முதல் 10 மணி வரை: 20 செ.மீ.
10 முதல் 11 வரை: 40 செ.மீ.
11 முதல் 12 வரை: 60 செ.மீ.
12 முதல் 1 வரை: 60 செ.மீ.
1 முதல் 2 வரை: 40 செ.மீ.
2 முதல் 3 வரை: 20 செ.மீ.

11 மணிக்கும் 1 மணிக்கும் இடையே மட்டும் 120 சென்டிமீட்டர். எட்டு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். பெரியவர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துப் பழைய கதை பேசும் நேரமும் அதுதான்.

கரையின் சரிவையும் கணக்கில் சேருங்கள். 50 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் ஆழம் கூடும் கரையில், நீர் 60 சென்டிமீட்டர் ஏறினால் நீர்விளிம்பு 30 மீட்டர் உள்ளே வந்துவிடும். மணல்திட்டில் நின்று விளையாடும் பிள்ளைகளுக்கு ஆபத்து முன்னாலிருந்து வருவதில்லை. திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளம் முதலில் நிறையும். திட்டு இன்னும் காய்ந்திருக்கும். ஆனால் திரும்பும் வழி மூழ்கியிருக்கும்.

இறங்கும் நீரும் எளிதானதல்ல. லுமுட்டில் டிண்டிங்ஸ் ஆறு கடலில் கலப்பது போன்ற இடங்களில், நீர் வற்றும்போது ஆற்று நீரோட்டமும் ஓதத்தின் ஓட்டமும் ஒரே திசையில் சேரும். நன்றாக நீந்துபவரையும் அது வெளியே இழுத்துச் செல்லும். ஆற்றுமுகத்தில் குளிப்பதைத் தவிருங்கள்.

இன்னொரு வகை வற்றம்

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை சுமத்ரா அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அன்று பிற்பகலில் ஆழிப்பேரலை நம் மேற்குக் கரையைத் தாக்கியது. நாட்டில் 68 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பினாங்கில். வார இறுதி, பள்ளி விடுமுறை. கரையில் குடும்பங்கள் இருந்தன. அன்று இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் அலை வருமுன் கடல் உள்வாங்கியது.

ஓதத்தால் கடல் வற்ற ஆறு மணி நேரம் ஆகும். சில நிமிடங்களில் கடல் பின்வாங்கி மீன்கள் துள்ளும் தரை தெரிந்தால் அது ஓதமல்ல. பார்க்கப் போகாதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடுங்கள். பொருள்களை எடுக்க நிற்காதீர்கள்.

திரும்பும் வழியில் ஒரு காட்சிப் பாடம்

நேரமிருந்தால் தைப்பிங் பக்கமாகச் சுற்றி கோலா செப்பெத்தாங் போய் வாருங்கள். அங்குள்ள மாத்தாங் காடு சுமார் 40,000 எக்டர் பரப்புடையது. 1902 முதல் திட்டமிட்டுப் பராமரிக்கப்படுகிறது. முப்பது ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டி, மீண்டும் வளர விட்டு, கரி சுடுகிறார்கள். இந்த மரங்களை ஓதமே வாழ வைக்கிறது. ஏற்றத்தில் வேர் மூழ்கும். வற்றத்தில் வேர்கள் காற்றைச் சுவாசிக்கும். பாக்காவ் மரத்தின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்ட காய்போலத் தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து வேர்விடும். இக்காட்டுக்குத் தமிழில் அலையாத்திக் காடு என்று பெயர். அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது என்று பொருள் சொல்வார்கள். அதன் பணியைச் சரியாகச் சொல்லும் பெயர்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

நாட்காட்டியில் பிறையைப் பாருங்கள்; பெரு ஓத நாளா, சிறு ஓத நாளா என்று தெரியும். ஏற்ற, வற்ற நேரத்தை ஓத அட்டவணையில் பாருங்கள். கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையமும் ஜூப்பெம் எனப்படும் நில அளவைத் துறையும் ஆண்டுதோறும் அட்டவணை வெளியிடுகின்றன. லுமுட்டுக்கான நேரத்தையே பாருங்கள்; வேறு ஊரின் நேரம் பொருந்தாது.

கரையில் இறங்கியதும் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நடுங்கள். கால் மணி கழித்துப் பாருங்கள்; ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். பெரியவர்களில் ஒருவர் முறைவைத்துப் பிள்ளைகளை மட்டும் கவனிக்கட்டும்; அவர் கையில் கைப்பேசி வேண்டாம். சிறு பிள்ளைகள் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். மிதந்து மூச்சைச் சேமியுங்கள்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். வேறொருவர் தத்தளித்தால் குதிக்காதீர்கள். மூடிய காலிப் போத்தல், ஐஸ் பெட்டி என மிதக்கும் எதையாவது வீசுங்கள், உதவிக்குக் கத்துங்கள், 999ஐ அழையுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. மாசி மகத்தன்று பகல் 1 மணிக்கு ஏற்றம். சரியாக ஒரு வாரம் கழித்து அதே 1 மணிக்குக் கடல் எந்த நிலையில் இருக்கும்?
2. அஷ்டமியன்று நீர் 1.2 மீட்டர் மட்டுமே ஏறும் என்றால், மூன்றாம் மணியில் எவ்வளவு ஏறும்?
3. அரை நிலவு நாளில் ஏற்றம் உயரம் குறைவாக இருப்பது ஏன்?

விடைகள்: 1. ஏழு நாளில் 350 நிமிடம், அதாவது ஏறத்தாழ 6 மணி நேரம் தள்ளிப் போகும். எனவே பகல் 1 மணி வற்றத்தை ஒட்டி இருக்கும். 2. ஒரு பங்கு 10 செ.மீ., மூன்று பங்கு 30 செ.மீ. 3. சூரியனும் நிலவும் செங்கோணத்தில் இழுப்பதால்.