வேலியிட்ட நிலமும் ஜீவரட்சையும்

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் அனுப்பம்பட்டு என்னும் சிறிய இரயில் நிலையம் உள்ளது. அவ்விருப்புப்பாதையில் வடக்கே செல்வோர் சூளூர்ப்பேட்டையில் இறங்கி, பழவேற்காடு ஏரியின் குறுக்கே செல்லும் சாலைவழியாக ஸ்ரீஹரிகோட்டாவை அடைகின்றனர். ராக்கெட் ஏவுதலைக் காண நம் குடும்பத்தாரும் பிள்ளைகளை அழைத்துச் செல்வதுண்டு.

1969ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தீவு இராணுவ நிலம் அன்று. எனினும் அதைப் போலவே காவலுக்கு உட்பட்டது. யானாதிப் பழங்குடியினரும் பிறரும் அங்கே வாழ்ந்துவந்தனர். நிலம் கையகப்படுத்தப்பட்டபின் பலர் வெளியேற நேர்ந்தது. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து எழும்பியது.

நாட்டின் காப்பிற்கும் அறிவு வளர்ச்சிக்கும் எழுப்பப்படும் கட்டுமானத்தை நாம் எவ்வாறு நோக்குவது? ஹிம்சையை நம் ஆசாரியர்கள் சங்கற்பம், ஆரம்பம், உத்யோகம், விரோதம் என நான்காகப் பகுத்துள்ளனர். மனமறிந்து செய்யும் சங்கற்ப ஹிம்சையை இல்லறத்தார் முற்றிலும் நீக்க வேண்டும். இல்வாழ்விலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் ஏனைய மூன்றையும் யத்னத்தோடு குறைக்க வேண்டும். மண்ணை அகழாமல் கட்டடம் எழும்பாது. அது உத்யோக ஹிம்சையே. ஆனால் முன்கூட்டியே அறிந்ததும், சிறு செலவில் தவிர்க்கத்தக்கதுமான தீங்கையும் அக்கணக்கிலேயே எழுதிவிடலாகுமா? ஆகாது என்பதே நம் கருத்து.

அச்சாலையையே எடுத்துக்கொள்வோம். பூநாரைகள் ஆழமற்ற சேற்றுநீரை அலகால் சலித்து உண்பவை. மீனும் இறாலும் கடல்முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வருபவை. இரண்டிற்கும் நீரோட்டமே உயிர். மண்மேடிட்ட சாலை அவ்வோட்டத்தைத் தடுக்கிறது என இயற்கை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். ஏரி 1976இல் ஆந்திரப் பகுதியிலும் 1980இல் தமிழகப் பகுதியிலும் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. அறிவிப்புப் பலகை நீரை ஓடச்செய்யாது. சாலைக்கடியில் போதிய மதகுகள் வேண்டும்.

கடற்கரையில் வேறொரு தீங்கு நேரலாம். பங்குனி ஆமையின் குஞ்சுகள் இரவில் மணலிலிருந்து வெளிப்பட்டு, கடற்பரப்பின் மெல்லொளியை நோக்கி நகர்கின்றன. கட்டுமான விளக்குகள் கரையில் எரிந்தால் திசைமாறி நிலத்திற்குள் சென்று மடிகின்றன. விளக்கைத் தாழ்த்தி, மறைப்பிடுதல் எளிய செயல். அமெரிக்கக் கென்னடி ஏவுதளத்தைச் சூழ்ந்த நிலம் 1963 முதல் மெரிட் தீவு வனவுயிர்ப் புகலிடமாக விளங்குகிறது. அங்கும் ஆமைகளுக்காக விளக்குகள் கட்டுப்படுத்தப்படுகின்றன.

மனிதரும் ஐம்பொறி ஜீவன்களே. அவர்களை மறந்து பறவைகளுக்கு மட்டும் இரங்குதல் முறையன்று. ஏவுதல் நாட்களில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குச் செல்லலாகாது என அறிவிக்கப்படுகிறது. பாதுகாப்பு கருதிய அந்த ஆணை நியாயமானதே. ஆனால் ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டால் மீண்டும் ஒரு நாள் வலை உலர்கிறது. அந்நாட்களின் வருவாய் யார் கணக்கில் எழுதப்படுகிறது? ஏரியில் இன்னார் இன்ன நாளில் வலையிடலாம் எனப் 'பாடு' முறையால் தமக்குள் பங்கிட்டு வாழ்ந்த மக்கள் அவர்கள். பணி தொடங்குமுன் அவர்களைக் கலந்து பேசினால், நீர் எங்கே தேங்குகிறது, மீன் எங்கே திரும்புகிறது என்பதைப் பொறியாளர்களுக்கு அவர்களே காட்டுவர்.

ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாம் ஏவுதளம் அமைக்க 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 3,984.86 கோடி ரூபாய். காலம் 48 மாதங்கள். அதற்குள் பங்குனி ஆமைகள் நான்கு பருவங்கள் கரையேறி முட்டையிட்டுச் செல்லும்.