குரோட்டன் செடியைப் பதிவைத்துப் பெருக்கல்

குரோட்டன் விதையில் எழும் கன்று தாய்ச்செடியின் நிறத்தைப் பெரும்பாலும் பெறுவதில்லை. ஆகவே, முற்றத்தில் ஒன்றேயாக நிற்கும் அரிய நிறச் செடியைக் கமக்காரர் பதிவைத்தே பெருக்கல் வேண்டும்.

பென்சிற் பருமனான, அரைமுற்றிய கிளையில் 1 அங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்குக. அடியிலுள்ள வழுவழுப்பான படையையும் கத்தியாற் சுரண்டுக; இதனைச் செய்யாதோர், பட்டை மீண்டும் இணைந்து வேர் தோன்றாதபோது கிளையைக் குறைகூறுவர்! வடியும் பால் தோலை உறுத்தும்; கையிற் படவிடலாகாது. நனைத்துப் பிழிந்த தும்புச்சோற்றை அவ்விடத்தில் வைத்து, பொலித்தீனாற் சுற்றி, இரு முனையையும் இறுகக் கட்டுக. ஏறக்குறைய 6 வாரத்தில் வேர்கள் வெளியே தெரியும். அப்போது கட்டுக்குக் கீழே வெட்டி, பொலித்தீனை நீக்கிச் சாடியில் நடுக.

தளிர் வரும்வரை நிழல் வேண்டும். பின்னும் நிழலில் விட்டால் நிறம் மங்கிப் பச்சையாகும். இலையடியில் வெண்மாப் போன்ற பூச்சி காணப்படின், செடியைக் கத்தரிப் பாத்தியருகே வைக்கலாகாது. அது கத்தரிக்கும் பரவக்கூடும்.