வானில் ஒரு சாட்சி

துப்பறியும் கதைகளை எழுதுவோர், எளிதில் வெளியேற முடியாத இடங்களையே பெரும்பாலும் கதைக்களமாகத் தேர்ந்தெடுப்பர். தனித்தீவு, ஓடும் இரயில், நடுக்கடலில் செல்லும் கப்பல் ஆகியவை அத்தகையவை. 1937ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த ‘நான்-ஸ்டாப் நியூயார்க்’ என்னும் கறுப்பு வெள்ளைத் திரைப்படம் பயணிகள் விமானம் ஒன்றைத் தன் களமாக்கிக்கொண்டது. இதனை இயக்கியவர் ராபர்ட் ஸ்டீவன்சன். 1964இல் வெளிவந்த ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தை இயக்கியவரும் இவரே.

நியூயார்க் நகரில் வழக்கறிஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அப்பழி வீடற்ற ஏழை ஒருவர்மீது விழுகிறது. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. அவர் குற்றமற்றவர் என்பதை நிரூபிக்கக்கூடியவள் ஜென்னி என்னும் ஆங்கிலேய நடனப் பெண் மட்டுமே. ஆனால், அவளோ கொலைக் கும்பலின் சூழ்ச்சியால் பொய்த் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு, இங்கிலாந்தில் சிறையில் அடைக்கப்படுகிறாள். விடுதலையான பிறகுதான் அந்த ஏழையின் நிலை அவளுக்குத் தெரிய வருகிறது. அவள் காவல்துறையிடம் உண்மையைக் கூறுகிறாள். சிறை சென்றவளின் சொல்லை யாரும் நம்பவில்லை.

தண்டனை நாள் நெருங்குகிறது. கையில் பணமில்லாத ஜென்னி, நியூயார்க் செல்லும் விமானத்தில் பயணச்சீட்டு இல்லாமல் மறைந்து ஏறுகிறாள். உண்மைக் கொலையாளியும் மாறுவேடத்தில் அதே விமானத்தில் இருக்கிறான். அவளைப் பின்தொடரும் காவல் அதிகாரி ஒருவரும் உடன் பயணம் செய்கிறார். கீழே அட்லாண்டிக் பெருங்கடல். இறங்கித் தப்பிக்க வழியில்லை.

இப்படம் வெளிவந்தபோது, அட்லாண்டிக்கைக் கடக்கும் வழக்கமான பயணிகள் விமானச் சேவை தொடங்கப்படவில்லை. மக்கள் பெரும்பாலும் கப்பலில் பல நாள் பயணம் செய்தனர். 1939ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் ‘பான் அமெரிக்கன்’ நிறுவனம் கடல் விமானங்களைக் கொண்டு அச்சேவையைத் தொடங்கியது. எனவே, படத்தில் வரும் விமானம் கற்பனையில் உருவானதே. தனி அறைகளோடு, பறக்கும்போதே வெளியில் நின்று காற்று வாங்குவதற்கான திறந்த மாடமும் அதில் உண்டு! இன்று அதனைக் காண்போர்க்குச் சிரிப்பு வரலாம். எனினும், எதிர்காலத்தைப் பற்றி அன்றைய மக்கள் கொண்டிருந்த கனவை அது காட்டுகிறது.

விமானம் பழையதானாலும் படம் எழுப்பும் கேள்வி பழையதன்று. ஜென்னிக்கும் அந்த ஏழைக்கும் உறவு எதுவும் இல்லை. அவள் பேசாமல் இருந்திருந்தால் அவளுக்கு எந்தத் துன்பமும் நேர்ந்திராது. ஆனால், ஓர் உயிர் அநியாயமாகப் போயிருக்கும். அவளுடைய கடந்தகாலத்தைப் பார்த்தவர்கள், அவள் சொன்னதை ஆராயத் தவறினார்கள். சொல்பவர் யார் என்பதைவிட, சொல்லப்படும் செய்தியின் உண்மையைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் காட்டும் வழி. நம் வகுப்பில், ஒருமுறை தவறு செய்த நண்பர் மறுமுறை உண்மையைக் கூறும்போது, நாம் அவருக்குச் செவிசாய்க்கிறோமா?