கிரேக்கமும் படி, கோயில் சுவரையும் படி

வில்லியனூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பிளஸ் டூ முடித்த கையோடு லத்தீன், கிரேக்கம், பழைய உலக வரலாறு படிக்கப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அப்பாவுக்குத் தூக்கமில்லை. "பாகூர்ல இருந்துகிட்டு கிரேக்கம் படிச்சு எந்த ஆபீஸ்ல உக்காரப் போறா?" என்று போனில் கேட்டான். அவனுக்குத் தனியாகப் பதில் சொல்லிவிட்டேன். உனக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தாராளமாகப் படி, ஊரை விட்டுவிட்டுப் படிக்காதே.

உன் ஆசை நம் மண்ணுக்குப் புதிதல்ல. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியில் செய்த பளபளப்பான செந்நிறத் தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் செய்தவரின் பெயர் லத்தீன் எழுத்தில் முத்திரையாகப் பதிந்திருக்கிறது. தமிழ் பிராமி எழுத்து கீறிய ஓடுகளும் அதே மேட்டில் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளுஸ்', நம் கிழக்குக் கரையில் காமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறது. பொதுகே என்பது அரிக்கமேடுதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்ற பெரிய படகும் அதே இடத்தில் வருகிறது.

ஆனால் வீலரின் கதையை முழுசாகக் கேள். ரோமானியப் பொருள்களில் அவர் பெரிய நிபுணர். இத்தாலிய ஓடுகளின் காலத்தை வைத்துத்தான் மற்ற அடுக்குகளுக்கும் காலம் கணித்தார். அதனால் அரிக்கமேடு ரோமாபுரி வணிகத்துக்காக எழுந்த நிலையமாகவே அவருக்குத் தெரிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு மறுபடி தோண்டியது. ரோம வணிகம் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அது ஓய்ந்த பிறகும் மக்கள் வாழ்ந்தார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. அந்நியச் சரக்கை மட்டும் அளவுகோலாக வைத்தால் உள்ளூர்க்காரன் கண்ணுக்குப் படமாட்டான். லத்தீன் படிக்கும்போது இதை மறக்காதே.

உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மூலநாதர் கோயில் சுவர் முழுக்கச் சோழர் காலக் கல்வெட்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்த செப்பேடு சமஸ்கிருதத்திலும் தமிழிலும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லூரி நடத்திய ஊர் உன்னுடையது! உங்கள் ஊர் பாகூர் குப்புசாமிதான் புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைத் திரட்டினார். கோ. விசயவேணுகோபால் பதிப்பிக்க, அதன் முதல் பகுதி 2006-ல் புத்தகமாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் சுவரில் ஒரு வரியையாவது நீயே படித்துப் பார். ஒரே எழுத்தில் அரை மணி நேரம் நிற்கிற பொறுமை உனக்கு இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். கிரேக்கமும் அதே பொறுமையைத்தான் கேட்கும்.

இனி வழிமுறை. நம் அரசுக் கல்லூரிகளில் லத்தீன், கிரேக்கத்துக்கென்று பி.ஏ. கிடையாது. அதனால் பி.ஏ. வரலாறு எடு. மாலையில் பிரெஞ்சு கற்றுக்கொள். அரிக்கமேட்டில் வீலருக்குப் பின் தோண்டிய கசாலின் அறிக்கை பிரெஞ்சில்தான் இருக்கிறது. லயோனல் காஸன் 1989-ல் வெளியிட்ட பெரிப்ளுஸ் பதிப்பில் கிரேக்க மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தே உண்டு. எழுத்து இருபத்து நான்குதான். ஆங்கிலத்தில் ஒரு பத்தி படி, மூலத்தில் அதே இடத்தில் ஊர்ப்பெயரை விரல் வைத்துத் தேடு. லத்தீன் அதற்கப்புறம் வரட்டும். 1846-லேயே லத்தீன்-பிரெஞ்சு-தமிழ் அகராதி அச்சிட்ட ஊர் புதுச்சேரி. வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவர். தெரிந்த குறளை அதில் வைத்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு சீக்கிரம் காசு தராது. எம்.ஏ.வோடு பி.எட். சேர்த்து முடித்தால் ஆசிரியர் வேலைக்குப் போகலாம். தோண்டத்தான் போவேன் என்றால் கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்பு இருக்கிறது; போட்டி கடுமை. இரண்டில் ஒன்றை இப்போதே குறித்து வைத்துக்கொள்.

நம் ஊரைப் பற்றி கிரேக்கத்தில், பிரெஞ்சில், செப்பேட்டில் எழுதி வைத்ததை இன்றுவரை பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்தான் படித்துச் சொல்கிறார்கள். நம் மண்ணிலிருந்து ஒரு பெண் மூலத்தைப் படித்துப் பதில் சொல்லட்டும். கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பத்தில் வரலாற்றை முதல் விருப்பமாகப் போடு.

அன்புடன்,
பெரியப்பா