உங்கள் வீட்டு வை-பி: பூட்டு போட்டாகிவிட்டதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டில் இன்டர்நெட் இணைப்பும் பெற்ற வாசகர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் வை-பி பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுத்திருக்கிறோம். இதனால் எங்கள் இன்டர்நெட் வேகம் குறையுமா?" என்பதே அது. அவர் படம் பார்க்கும் நேரத்தில் கொஞ்சம் குறையலாம். ஆனால் கவலைப்பட வேண்டியது வேகத்தைப் பற்றி அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

வை-பி என்பது என்ன?

வை-பி என்பதும் ஒரு வகை ரேடியோதான். உங்கள் வீட்டு ரூட்டர், கேபிள் வழியே வரும் தகவலை ரேடியோ அலைகளாக மாற்றி அனுப்புகிறது. லேப்டாப்பும் மொபைலும் அதனைப் பெற்று, பதிலையும் அலையாகவே அனுப்புகின்றன. பெரும்பாலான ரூட்டர்கள் 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முதலாவது சுவர்களைத் தாண்டி அதிக தூரம் செல்லும். இரண்டாவது வேகமானது, ஆனால் அதிக தூரம் செல்லாது.

ரேடியோ, டிவி நிலையங்கள் நடத்த அரசின் லைசென்ஸ் வேண்டும். வை-பிக்கு ஏன் வேண்டாம்? அமெரிக்காவின் எப்.சி.சி. அமைப்பு 1985ல் சில அலைவரிசைகளை லைசென்ஸ் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அதன் பிறகு 1997ல் 802.11 என்ற தர வரையறை உருவானது. அப்போது வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999ல் வந்த 802.11பி வகையில் அது 11 மெகாபிட் ஆனது. இந்தியாவில் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தி கொண்ட சாதனங்களுக்கு 2005ல் லைசென்ஸ் விலக்கு அளிக்கப்பட்டது. லாட்ஜ், மருத்துவமனை, டீக்கடை என எங்கும் வை-பி வந்ததற்கு இந்த விலக்கும் ஒரு முக்கியக் காரணம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உள்ளது. ரூட்டர் வாங்கி வைத்த அன்றே நீங்கள் ஒரு சிறிய நெட்வொர்க்கின் உரிமையாளர் ஆகிவிடுகிறீர்கள். லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் பொறுப்பு உங்களுடையது.

2008ல் நடந்தது

2008 ஜூலை 26ல் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் டிவி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் இமெயில் வந்தது. அது எந்த ஐ.பி. முகவரியில் இருந்து வந்தது என்று தேடிய போலீசார், நவி மும்பையில் ஒரு அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டினர். அங்கு குடியிருந்தவருக்கும் அந்தச் சதிக்கும் தொடர்பில்லை. அவருடைய வை-பி பாதுகாப்பின்றித் திறந்திருந்தது. வெளியே இருந்து யாரோ அதனைப் பயன்படுத்தியிருந்தனர். அதன் பின் 2009 தொடக்கத்தில் மும்பை போலீசார் தெருக்களில் சென்று, பூட்டப்படாத வை-பி இணைப்புகளைத் தேடி எச்சரித்தனர்.

உங்கள் வீட்டில் பத்து சாதனங்கள் இருந்தாலும், வெளி உலகிற்கு அவை அனைத்தும் ஒரே இணைப்பாகத்தான் தெரியும். இன்டர்நெட் நிறுவனத்தின் பதிவில் இருப்பது உங்கள் பெயர் மட்டுமே. எனவே விசாரணை என்று வந்தால், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பூட்டு போடுவது எப்படி?

1. ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். அதனைப் பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். உள்ளே நுழையும் பாஸ்வேர்டு "அட்மின்" என்றே இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

2. வயர்லெஸ் செக்யூரிட்டி என்ற பிரிவில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதனைத் தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் டபிள்யூ.பி.ஏ.2 போதும். டபிள்யூ.இ.பி. வேண்டவே வேண்டாம். அதன் பலவீனம் 2001லேயே வெளிப்பட்டுவிட்டது.

3. வை-பி பாஸ்வேர்டில் குறைந்தது 12 எழுத்துகள் இருக்கட்டும். மொபைல் எண், குழந்தையின் பெயர் ஆகியவற்றைத் தவிர்க்கவும். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் நினைவில் நிற்கும்.

4. டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை நிறுத்திவிடுங்கள். இதன் 8 இலக்க பின் எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011ல் தெரியவந்தது. கம்ப்யூட்டருக்கு இது பெரிய வேலை அல்ல.

5. கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் அதனை இயக்குங்கள். இதற்குத் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் தரலாம்.

பாஸ்வேர்டை மாற்றியவுடன் வீட்டில் உள்ள எல்லா சாதனங்களும் இணைப்பை இழக்கும். பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றிலும் புதிய பாஸ்வேர்டை ஒருமுறை தந்தால் போதும்.

கடை வைத்திருப்போர் கவனத்திற்கு

வாடிக்கையாளருக்கு இலவச வை-பி தரும் ஜவுளிக் கடை ஒன்றில் சென்ற ஆண்டு என் லேப்டாப்பை இணைத்தேன். பில் போடும் கம்ப்யூட்டரும் அதே நெட்வொர்க்கில் இருந்தது. கணக்கு பைல்கள் உள்ள போல்டர் பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது கூட அதில் இருந்தது. உரிமையாளரிடம் திரையைக் காட்டினேன். அவர் ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தது, யாரும் இயக்கவில்லை. அதனை இயக்கி, வாடிக்கையாளர்களை அங்கே மாற்றி, கடையின் பாஸ்வேர்டையும் மாற்ற இருபது நிமிடம்தான் ஆனது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது?

நட்பை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகளின் படிப்பு, ரயில் டிக்கெட் எனப் பல அவசரங்கள் இருக்கும். அவர்களுக்குக் கெஸ்ட் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டைத் தாருங்கள். தேவை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ஆனால் ஒன்று. கெஸ்ட் நெட்வொர்க் உங்கள் பைல்களைத்தான் காக்கும். அதன் வழியே செல்லும் இமெயிலும் உங்கள் பெயரில் உள்ள இணைப்பில்தான் செல்கிறது. எனவே நன்கு தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள். மாதம் ஒருமுறை ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். அறிமுகமில்லாத பெயர் இருந்தால், முதலில் வீட்டில் உள்ளவர்களிடம் விசாரியுங்கள். யாருடையதும் இல்லை என்றால் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள்.